நாம் வாழும் ஊர்: வீட்டுப் பொருளுக்கு ஒரு மாளிகை

ஒரு நிறுவனத்துக்கு ஆள்வோர் இடும் பெயர் ஒன்றாக இருக்கும். மக்கள் இடும் பெயர் மற்றொன்றாக இருக்கும். மக்கள் இட்ட பெயரில் அவர்தம் உள்ளக் கருத்து அடங்கியிருப்பதைக் காணலாம். கல்கத்தா நகரில் 1814-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பெரும் பொருட்காட்சிச்சாலையை வங்காள மக்கள் ‘ஜாதுகர்’ என்று வழங்குவர். மாய வித்தைகள் நிறைந்த வீடு என்பது அதன் பொருள். சென்னை எழும்பூரில் உள்ள காட்சிச்சாலைக்கோ நம் முன்னோர் ‘செத்த காலேஜ்’ என்று பெயரிட்டனர். உயிருள்ள விலங்குகளைக் காட்டிய இடம் ‘உயிர்க் காலேஜ்’; பாடம் செய்த விலங்குகளையும் எலும்புக் கூடுகளையும் காட்டிய இடம் ‘செத்த காலேஜ்’. பட்டணம் பார்க்க வந்த கிராமத்தார் பலர் இவ்விரண்டையும் கண்ட பின்னரே ஊர் திரும்பினர்.

இப்பெயர்களைக் கேட்டு நாம் நகைக்கலாம். ஆயினும் அந்நகைப்பினுள்ளே ஓர் உண்மை இருக்கிறது. மாய வீட்டுக்குள் நுழைபவன் வியப்பான். அங்குள்ள பொருள்களைத் தன்னுடையவை என்று எண்ணமாட்டான். செத்த பொருள்களைக் காணச் சென்றவனும் அத்தகையவனே. ‘இவை எம்முடையவை; எம் வரலாறு இவற்றில் உள்ளது’ என்னும் உரிமையுணர்ச்சி அப்பெயர்களில் இல்லை. அது ஏன் இல்லாமற் போயிற்று? பின்னர் அது எவ்வாறு தோன்றிற்று? இவ்வினாக்களுக்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாம் வாழும் இப்புனே நகரத்திலேயே அவ்விடை இருக்கிறது. அதனையே இத்திங்கள் நம் பகுதியில் எழுத எண்ணினோம்.

பிறர் பொருட்டு எழுந்த சாலைகள்

பொருட்காட்சிச்சாலை என்னும் அமைப்பு நம் நாட்டில் வேரூன்றியது ஆங்கிலேயர் ஆட்சியிலேயாம். கல்கத்தாவில் ஆசியக் கழகம் 1784-இல் தோன்றிற்று. அக்கழகத்தின் ஆதரவில், நத்தேனியல் வாலிச்சு என்னும் டென்மார்க்கு நாட்டுத் தாவர நூலறிஞர் 1814-இல் காட்சிச்சாலையைத் தொடங்கினார். சென்னையில் 1851-ஆம் ஆண்டு, எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவரின் பொறுப்பில் அரசினர் காட்சிச்சாலை எழுந்தது. முதலில் அது கல்லூரிச் சாலையில் ‘காலேஜ்’ என வழங்கிய கட்டடத்தில் இருந்தது. சில ஆண்டுகளிலேயே எழும்பூருக்கு மாற்றப்பெற்றது. கொழும்பில் ஆளுநர் கிரெகரியின் முயற்சியால் 1877-இல் ஒரு காட்சிச்சாலை திறக்கப்பெற்றது. பம்பாயில் 1872-இல் ஒன்றும் 1922-இல் மற்றொன்றும் மக்களுக்குத் திறக்கப்பெற்றன.

இவற்றை நிறுவியோருள் உண்மையான அறிவு வேட்கை உடையோர் பலர் இருந்தனர். அவர்தம் உழைப்பால் அழிவினின்று தப்பிய பொருள்கள் பல. 1878-ஆம் ஆண்டின் புதையற் சட்டத்தின் பயனாகச் சிற்றூர்களில் மண்ணுக்கடியிற் கிடைத்த செப்புத் திருமேனிகள் எழும்பூருக்கு வந்து சேர்ந்தன. இன்று அத்திருமேனிகளை நாம் கண்டு மகிழ்கிறோம். அந்நன்றியை மறத்தல் தகாது.

எனினும் அக்காட்சிச்சாலைகள் யாருடைய வினாவுக்கு விடையாக எழுந்தன என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ‘இந்நாட்டில் என்ன கனி வளம் உண்டு? என்ன பயிர் விளையும்? இம்மக்கள் எவ்வகைத் துணியை உடுத்துவர்?’ என்பவையே ஆள்வோரின் வினாக்கள். இதற்கு ஒரு சான்று காட்டுவோம். லண்டனில் இருந்த இந்தியக் காட்சிச்சாலையைச் சார்ந்த ஃபார்ப்ஸ் வாட்சன் என்பார் 1866-ஆம் ஆண்டில் நம் நாட்டுத் துணி மாதிரிகள் 700-ஐ 18 தொகுதிகளாகத் தொகுத்தார். நம் நெசவாளர் நெய்த வேட்டியும் சேலையும் தலைப்பாகையும் துண்டுகளாக வெட்டி அவற்றில் ஒட்டப்பெற்றன. இவ்வாறு 20 படிகள் ஆயத்தமாயின. அவற்றுள் 13 பிரிட்டனில் வைக்கப்பெற்றன. ஏழே இந்தியாவுக்கு வந்தன. இந்தியர் விரும்பி உடுக்கும் துணி எத்தகையது என்பதை ஆங்கில நாட்டு ஆலை முதலாளிகள் அறிந்து, அது போன்றதைத் தம் ஆலையில் நெய்து இந்தியருக்கே விற்க வேண்டும் என்பதே நோக்கம். காட்சிச்சாலையின் பணி இங்கு வாணிகத்தின் பணியோடு ஒன்றாயிற்று.

மற்றொரு சான்று. கிருட்டிணை ஆற்றங்கரையில் உள்ள அமராவதியின் பௌத்தத் தூபியிலிருந்து சர் வால்ட்டர் எலியட் 1845-ஆம் ஆண்டளவில் தோண்டி எடுத்த சுண்ணாம்புக்கற் சிற்பங்கள் சென்னைக்குக் கொண்டுவரப் பெற்றன. 1859-இல் அவற்றுள் 121 கற்கள் கப்பலேறி லண்டன் சென்றன. இன்று அமராவதியின் சிற்பங்களை முழுமையாகக் காண விரும்புவோர் எழும்பூருக்கும் செல்ல வேண்டும். லண்டன் பிரிட்டிஷ் காட்சிச்சாலைக்கும் செல்ல வேண்டும். ஒரே தூபி இரு கண்டங்களிற் பிரிந்து கிடக்கிறது.

மூன்றாவது சான்று மனத்தை உறுத்துவது. 1885 முதல் 1908 வரை சென்னைக் காட்சிச்சாலையின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், சாதிகளையும் குடிகளையும் பற்றி ஆராய்ந்தவர். காட்சி காண வந்த மக்களின் தலையையும் மூக்கையுமே அவர் கருவி கொண்டு அளந்து குறிப்பெடுத்தார். பொருளைக் காண வந்தவன் தானே ஒரு பொருளாயினான்! ‘செத்த காலேஜ்’ என்ற பெயரை நம் மக்கள் ஏன் இட்டனர் என்பது இப்பொழுது நமக்கு ஒருவாறு விளங்கும்.

பொருள்களைத் திரட்டிப் போற்றும் எண்ணத்தையே நம்மவர் அறிந்திலர் என்று கூறுவாரும் உளர். அது பொருந்தாது. புனேயிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் இதற்கு விடை கூறலாம். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி (1798–1832) வடமொழி, தமிழ், மராத்தி, தெலுங்குச் சுவடிகளையும் ஐரோப்பிய நூல்களையும் ஓவியங்களையும் ஒருங்கே திரட்டினார். சரசுவதி மகாலில் அவர் சேர்த்த செல்வம் 1918-ஆம் ஆண்டில் மக்களுக்குரிய நூல்நிலையமாயிற்று. தம் முன்னோரான போன்சலே மரபின் வரலாற்றை 1803-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் மராத்தி மொழியில் வெட்டுவித்தவரும் அவரே. மராட்டியர் தமிழ்நாட்டில் செய்த அப்பணியை, தமிழராகிய நாம் மராட்டிய நாட்டில் இருந்துகொண்டு எண்ணிப் பார்ப்பது பொருத்தமே.

பெயர் மாறிய சாலை

இனிப் புனே நகருக்கு வருவோம். இங்கும் முதலில் எழுந்த காட்சிச்சாலை ஆங்கில ஆளுநர் ஒருவரின் பெயரையே தாங்கியிருந்தது. 1885 முதல் 1890 வரை பம்பாய் மாகாண ஆளுநராக இருந்த ரே பிரபுவின் பெயரால், கைத்தொழிற் பொருள்களையும் விளைபொருள்களையும் கனிப்பொருள்களையும் காட்டும் தொழிற் காட்சிச்சாலை ஒன்று 1890-ஆம் ஆண்டளவில் நிறுவப்பெற்றது. கோலே சாலையில் உள்ள அச்சாலை 1968 முதல் மகாத்மா புலே காட்சிச்சாலை என்னும் பெயரைப் பெற்று விளங்குகிறது.

ஆளுநர் பெயர் நீங்கிச் சோதிராவ் புலேயின் பெயர் அமைந்தது வெறும் பெயர் மாற்றமன்று. 1848-இல் இதே நகரத்தில் பெண்களுக்குப் பள்ளி திறந்தவர் அப்பெரியார். 1888-இல், விக்டோரியா அரசியின் மகனாரான கன்னாட் கோமகனுக்குப் புனேயில் அளிக்கப்பெற்ற விருந்துக்கு, மற்றவரெல்லாம் பொன்னும் பட்டும் அணிந்து வர, புலே ஏழைக் குடியானவன் கோலத்திற் சென்றார். இந்நாட்டு மக்களின் உண்மைத் தோற்றத்தை இவ்வணிகளிற் காணவியலாது என்பதைத் தம் கோலத்தாலேயே காட்டினார். அவர் மறைந்தது 1890-ஆம் ஆண்டில். ஆளுநரின் பெயரை அகற்றி அமைக்கப்பெற்ற பெயர் அக்குடியானவக் கோலம் பூண்டவரின் பெயர் என்பதை அவ்வழியே செல்லும்பொழுதெல்லாம் நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லலாம்.

இதே நகரத்தில் மற்றொரு முயற்சியும் எழுந்தது. வரலாற்றறிஞர் ராஜவாடே (1863–1926) மராட்டிய நாட்டின் ஊர்தோறும் நடந்து, பழங்குடிகளின் பரண்களிலும் பெட்டிகளிலும் கிடந்த கடிதங்களையும் ஓலைகளையும் திரட்டினார். ‘எங்கள் வரலாற்றை அயலார் எழுதிய நூலிலிருந்து மட்டும் அறியமாட்டோம், எங்கள் வீட்டுத் தாள்களிலிருந்தே அறிவோம்’ என்பது அவர் உறுதி. அவரும் மேஹேந்தளே என்பாரும் 1910-ஆம் ஆண்டில் பாரத இதிகாச சம்சோதக மண்டலத்தை நிறுவினர். நம் டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) ஏட்டுச் சுவடிகளைத் தேடி வீடு வீடாகச் சென்றதை அறிந்த தமிழருக்கு ராஜவாடேயின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இருவரும் ஏறிப் பார்த்தவை வீட்டுப் பரண்களே.

திரும்பி வந்த செல்வங்கள்

1936-ஆம் ஆண்டில் மார்க்கம், ஹார்கிரீவ்சு என்னும் இருவர் இந்தியக் காட்சிச்சாலைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டனர். இப்பரந்த நாடு முழுவதிலும் அன்று இருந்தவை 105 சாலைகளே. விடுதலைக்குப் பின்னர் நிலை மாறிற்று. 1947–48-இல் லண்டனில் நடைபெற்ற இந்தியக் கலைக் காட்சிக்காக நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அனுப்பப்பெற்ற கலைச்செல்வங்கள் திரும்பி வந்தபோது அவற்றைக் கொண்டே தில்லியில் தேசியக் காட்சிச்சாலை அமைந்தது. அது திறக்கப்பெற்ற நாள் 1949 ஆகஸ்டு 15. ஆப்பிரிக்காவில் கானா நாடு விடுதலை பெற்றது 1957 மார்ச்சு 6-இல். அதன் தேசியக் காட்சிச்சாலை திறக்கப்பெற்றது அதற்கு முந்திய நாளில். புதிதாக உரிமை பெறும் நாடு, கொடியை ஏற்றுவதற்கு முன்பே காட்சிச்சாலைக் கதவைத் திறந்தது! தன் கதையைத் தானே சொல்லும் உரிமையும் விடுதலையின் ஒரு கூறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்ட இயலாது.

சென்ற பொருள்கள் சில திரும்பியும் வந்துள்ளன. 1815-இல் கண்டி அரசு வீழ்ந்தபோது ஆங்கிலேயர் கொண்டு சென்ற அரியணை 1934-இல் இலங்கைக்குத் திருப்பி அளிக்கப்பெற்றது; இன்று கொழும்புக் காட்சிச்சாலையில் இருக்கிறது. அவ்வரியணையில் இறுதியாக அமர்ந்த அரசர் வேலூரில் சிறை வைக்கப்பெற்று அங்கேயே 1832-இல் உயிர் நீத்தவர். தஞ்சை மண்ணில் பத்தூர் என்னும் சிற்றூரில் 1976-இல் கிடைத்த நடராசர் திருமேனி கடத்தப்பெற்று லண்டன் சென்றது. நெடிய வழக்குக்குப் பின் 1991-இல் தமிழ்நாடு வந்து சேர்ந்தது.

நம் மராட்டிய நண்பர்கள் பெரிதும் பேசிய செய்தி ஒன்றையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். 2024 ஜூலைத் திங்களில், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையிலிருந்து ‘வாக்நக்’ என்னும் புலிநகக் கருவி மூன்றாண்டுக் கடனாகச் சாத்தாராவுக்குக் கொண்டுவரப் பெற்றது. 1659-இல் சிவாசி மன்னர் அப்சல்கானை எதிர்த்தபோது அணிந்த கருவி என்று கருதி மக்கள் அதனைப் பெருமிதத்துடன் கண்டனர். ஆனால் அக்கருவிதானா இது என்பதை உறுதி செய்ய இயலாது என்று அதனை வைத்திருந்த காட்சிச்சாலையே கூறுகிறது. சாத்தாராவில் ஆங்கில அதிகாரியாக இருந்த கிராண்டு டப் என்பாரிடம் அது வந்ததற்குக் குறிப்பு உண்டு. அதற்கு முன்னர் அது எவர் கையில் எவ்வாறு இருந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் பெரிது. பொருள் மட்டும் நிலைத்திருந்தாற் போதாது. அது வந்த வழியும் அதனோடு எழுதப்பெற்று நிலைத்திருத்தல் வேண்டும். வழி தெரியாத பொருள் ஊமையாகிவிடும்.

மூக்குக் கண்ணாடி வணிகர் செய்த பணி

பெயர்கள் மாறின, செல்வங்கள் சில திரும்பின. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. காட்சிச்சாலையில் இடம் பெறுவது யாருடைய வாழ்வு? மன்னரின் வாளும் தெய்வத் திருமேனியும் இடம் பெற்றன. அடுப்பங்கரையில் நின்றவளின் கைப்பொருள் எங்கே? வெற்றிலை இடித்த கிழவியின் உரல் எங்கே? இவ்வினாவுக்கு விடை கூறியவர் அரசினரும் அல்லர். பல்கலைக்கழகப் பேராசிரியரும் அல்லர். புனேயில் மூக்குக் கண்ணாடி வணிகம் செய்துவந்த ஒருவர்.

அவர் பெயர் தினகர் கங்காதர் கேள்கர் (1896–1990). ‘அஜ்ஞாதவாசி’, அதாவது மறைந்து வாழ்பவன், என்னும் புனைபெயரில் மராத்தியிற் கவிதை எழுதியவர். 1920-ஆம் ஆண்டளவிலிருந்து அவர் பழம்பொருள் திரட்டத் தொடங்கினார். பொன்னையும் மணியையும் அவர் நாடவில்லை. விளக்கு, பூட்டு, பாக்குவெட்டி, வெற்றிலைப் பெட்டி, மைக்கூடு, சீப்பு, குதிகால் தேய்க்கும் உலோகக் கருவி, சமையற் பாத்திரம், கதவு, பொம்மை, சொக்கட்டான், இசைக்கருவி ஆகியவற்றையே நாடினார். மராட்டிய நாட்டில் மட்டுமன்றி இந்தியாவின் பல பகுதிகளிலும் தேடினார். துணைவியார் கமலாபாய் உடன் நின்று உதவினார்.

அத்தம்பதியருக்கு இராஜா என்னும் ஒரே மகன் இருந்தான். இளம்பருவத்திலேயே அவன் மறைந்தான். அச்சிறுவனின் நினைவாகவே தம் தொகுப்புக்கு ‘இராஜா தினகர் கேள்கர் காட்சிச்சாலை’ என்று அவர் பெயரிட்டார். இப்பெயரைப் படிப்போர் சிலர், எவரோ ஓர் அரசர் கட்டிய சாலை என்று கருதிவிடுகின்றனர். இதில் உள்ள ‘இராஜா’ முடி சூடிய மன்னன் அல்லன். பெற்றோர் இழந்த பிள்ளை. தம் பிள்ளைக்கு விட்டுச் செல்ல வேண்டியதை அவர்கள் நாட்டின் பிள்ளைகளுக்கெல்லாம் விட்டுச் சென்றனர்.

1961 ஜூலை 12-ஆம் நாள் பான்ஷேத் அணை உடைந்து புனே நகரை வெள்ளம் சூழ்ந்ததை நம் சங்கத்து மூத்த குடும்பத்தார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆற்றங்கரையில் இருந்த பழைய ‘வாடா’ வீடுகள் பல ஒரே நாளில் இடிந்து போயின. அவற்றோடு தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய பொருள்களும் போயின. அதற்கு அடுத்த ஆண்டாகிய 1962-இல் கேள்கர் காட்சிச்சாலை நிறுவப்பெற்றது. 1975-இல் அவர் தம் தொகுப்பு முழுவதையும் மகாராட்டிர அரசுக்கு நன்கொடையாக வழங்கினார். வாழ்நாள் முழுதும் சேர்த்ததை விலை பேசாது கொடுத்த அப்பெரியாருக்கு நாடு 1980-இல் பத்மஸ்ரீ விருது அளித்தது.

சுக்கிரவார் பேட்டையில் பாஜிராவ் சாலையை அடுத்துள்ள இச்சாலையில் இன்று 20,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. இடம் போதாமையால் ஏறக்குறைய 2,500 பொருள்களே காட்சிக்கு வைக்கப்பெற்றுள்ளன. முதலாம் பாஜிராவ் பேஷ்வாவின் காதல் மனைவி மஸ்தானிக்குக் கோத்ருடில் இருந்த மாளிகையின் எஞ்சிய பகுதிகளைக் கொணர்ந்து ‘மஸ்தானி மகால்’ என ஓர் அறையாக இங்கே அமைத்துள்ளனர். பலர் அதைக் காணவே வருகின்றனர். நாமோ பாக்குவெட்டிகளின் முன் சற்றே நிற்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.

பாக்கு வெட்டுவதற்கு இரண்டு இரும்பு அலகுகளும் ஓர் ஆணியும் போதும். ஆனால் இங்குள்ள பாக்குவெட்டிகளில் ஒன்று பறவையாகிறது, ஒன்று குதிரையாகிறது, மற்றொன்று ஆணும் பெண்ணுமாய் இணைந்து நிற்கிறது. இவற்றைச் செய்த கொல்லனின் பெயர் எவருக்கும் தெரியாது. அவனுக்கு அரச மானியம் கிடைத்திராது. நாள்தோறும் ஒருவர் கையில் எடுக்கும் சிறு கருவியும் கண்ணுக்கு இனிதாக இருக்க வேண்டும் என்று அவன் எண்ணினான். அவ்வெண்ணம் எளிய வீடுகளிலும் வாழ்ந்தது. இதனைத்தான் கேள்கர் கண்டு நமக்குக் காட்டினார். கண்ணாடி விற்றவர் நம் நாட்டுக்கே ஒரு கண்ணாடி மாட்டிவிட்டார் என்று சொன்னால் மிகையாகாது.

தமிழ்க் குடும்பத்தார் இச்சாலையைச் சுற்றி வரும்போது மற்றோர் இன்பமும் பெறுவர். நம் குத்துவிளக்கின் உறவினளை இங்கே ‘சமயி’ என்பர். நம் பாக்குவெட்டி ‘அட்கித்தா’ ஆகும். நம் அரிவாள்மணை மராட்டியப் பெண்டிர் கையில் ‘விளி’ ஆகும். அம்மியும் குழவியும் ‘பாட்டா வர்வண்டா’ ஆகும். மொழி வேறாயினும் அடுக்களை ஒன்றே என்னும் உண்மையை நூறு மேடைப் பேச்சுகளைக் காட்டிலும் இப்பொருள்கள் நன்றாக உணர்த்தும்.

நம் வீட்டுப் பரண்

இவ்வளவும் கூறியதற்குக் காரணம் உண்டு. புனேத் தமிழ்க் குடும்பங்களில் இப்பொழுது பெரியதொரு மாற்றம் நிகழ்ந்து வருகிறது. ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் பழைய வீடுகளில் வாழ்ந்தவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்கின்றனர். புதிய வீட்டில் பரண் இல்லை. ஆகவே பாட்டியார் ஊரிலிருந்து கொணர்ந்த வெண்கலப் பானையும் பித்தளை அடுக்கும் கல்சட்டியும் மரக்காலும் உழக்கும் எடைக்குப் போகின்றன. பித்தளைக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று விலை உண்டு. கல்சட்டிக்கும் பல்லாங்குழிக்கும் மரப்பாச்சிக்கும் அதுவும் இல்லை. அவை குப்பைக்குப் போகின்றன. சில பொருள்கள் ஜூனா பஜாரை அடைந்து, அவற்றின் பெயரறியாத ஒருவரால் பெயரறியாத மற்றொருவருக்கு விற்கப்பெறுகின்றன.

பழம்பொருளையெல்லாம் வைத்துக்கொண்டு வாழ முடியுமா என்று இல்லத்தரசியர் கேட்பர். அக்கேள்வி நியாயமானதே. இரண்டு அறை வீட்டில் ஆட்டுக்கல்லுக்கு இடம் ஏது? எல்லாவற்றையும் காக்குமாறு நாம் கூறவில்லை. குடும்பத்துக்கு ஒரு பொருள் போதும். அப்பொருள் விலையுயர்ந்ததாக இருக்க வேண்டுவதுமில்லை. 1869-இல் தொடங்கிய கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை போன்றவற்றில் வேலை நாடி ரயிலேறி வந்த நம் முன்னோர் பலருக்கு வெள்ளிக் கிண்ணம் ஏது? அவர்கள் கையில் இருந்தது ஒரு தகரப் பெட்டி. அதனுள்ளே ஒரு தூக்குப் போணி. அத்தகரப் பெட்டி அரசனின் வாளுக்குச் சிறிதும் தாழ்ந்ததன்று. கேள்கர் காட்சிச்சாலை நமக்குக் கற்பிக்கும் நீதி அதுவே.

பொருளைக் காப்பதினும் இன்றியமையாத பணி ஒன்று உண்டு. அப்பொருளுக்கு ஒரு சீட்டு எழுதுதல். அதில் பின்வரும் செய்திகள் இருத்தல் வேண்டும்: பொருளின் தமிழ்ப் பெயர், அதிலும் நம் ஊர்ப்பக்கத்து வழக்கு, அதன் மராத்திப் பெயர், செய்த ஊர், தெரியுமாயின் செய்தவர் பெயர், பயன்படுத்தியவர் பெயர், அது எந்த ஆண்டில் எவ்வழியாகப் புனேக்கு வந்தது என்பது, அதனை எவ்வாறு பயன்படுத்துவது என்பது, அதைப் பற்றிக் குடும்பத்தில் வழங்கும் ஒரு செய்தி. கைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளலாம். பொருளைப் பிரியவே நேர்ந்தாலும் படமும் சீட்டும் எஞ்சும்.

இச்சீட்டினைப் பெரியவர்கள் எழுதலாகாது. பிள்ளைகளே எழுத வேண்டும். தாத்தாவிடமும் பாட்டியிடமும் கேட்டுத் தமிழில் எழுத வேண்டும். இந்நகரில் பிறந்து மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் நன்கு பேசும் நம் பிள்ளைகளுக்கு ‘உழக்கு’ என்றால் என்ன, ‘ஆழாக்கு’ என்றால் என்ன என்று தெரியவில்லை. பொருள் வீட்டை விட்டுப் போகும்போது சொல்லும் உடன் போகிறது. எடைக்காரன் பித்தளைக்கு விலை தருவான். சொல்லுக்கு எவர் விலை தருவார்? ஆங்கிலேயர் நம் பொருளை எடுத்துச் சென்றனர் என்று வருந்துகிறோம். நம் சொற்களை எவரும் எடுத்துச் செல்லவில்லை. நாமே பரணிலிருந்து இறக்கி வீதியில் வைக்கிறோம். எழுபத்தைந்தும் எண்பதும் கடந்த நம் மூத்தோர் இன்று உடன் இருக்கின்றனர். இவ்வினாக்களைக் கேட்பதற்கு இன்னும் பல ஆண்டுகள் உள்ளன என்று எண்ணியிருத்தல் அறிவுடைமையாகாது.

இது குறித்து நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறோம். வரும் பொங்கல் விழாவில், கலைநிகழ்ச்சி நடைபெறும் மண்டபத்தின் ஓரத்தில் நான்கு மேசைகள் இட்டு, குடும்பத்துக்கு ஒரு பொருளாக ஒருநாட் காட்சி நடத்தலாம். ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் பிள்ளை எழுதிய சீட்டு இருக்கட்டும், அப்பிள்ளையும் நிற்கட்டும், வருவோருக்கு எடுத்துச் சொல்லட்டும். அக்கம்பக்கத்து மராட்டியக் குடும்பத்தாரையும் அழைப்போம். விழா முடிந்ததும் பொருள்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பும். சீட்டுகளை மட்டும் படியெடுத்துச் சங்கத்தின் நூல்நிலையத்தில் ஓர் ஏடாகக் கட்டி வைக்கலாம். இதற்குப் பெரும் பொருட்செலவும் இல்லை. அரசின் ஆணையும் வேண்டுவதில்லை.

அதற்கு முன்னதாக ஒரு விடுமுறை நாளில் அன்பர்கள் தம் மக்களுடன் கேள்கர் காட்சிச்சாலைக்குச் சென்று வருவார்களாக. வீட்டில் பாட்டியார் இருப்பின் அவரையும் அழைத்துச் செல்வது நலம். கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பொருள்களுள் பலவற்றை அவர் தம் கையாலேயே பயன்படுத்தியிருப்பார். சீட்டில் எழுதப்பெறாத செய்திகளை அவர் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வார். அங்கே ஒரு தாளும் எழுதுகோலும் உடன் இருத்தல் வேண்டும் என்பதை நினைவூட்டி இத்திங்கட் கட்டுரையை நிறைவு செய்கிறோம். அன்பர்கள் எழுதும் சீட்டுகளை நமக்கு அனுப்பினால், இடம் உள்ள அளவில் அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.